தானாக ரீடிங் தரும் தண்ணீர் மீட்டர்: என்ன கோளாறு, எங்கே பார்ப்பது

கோவை மாநகராட்சியின் பழைய 60 வார்டுகளுக்கான 24 மணி நேரக் குடிநீர்த் திட்டம் 2018-இல் சூயஸ் நிறுவனத்துக்கு 26 ஆண்டு ஒப்பந்தத்தில் கொடுக்கப்பட்டது. தொட்டி கட்டியது, தெருவைத் தோண்டிக் குழாய் மாற்றியது எல்லாம் ஒருபுறம் இருக்க, வீட்டு வாசலில் நம் கண்ணில் படும் மாற்றம் மீட்டர்தான். பழைய மீட்டரைக் கழற்றிவிட்டு ஏ.எம்.ஆர். மீட்டர் வைக்கிறார்கள். அதாவது, ரீடிங் எடுப்பவர் கேட்டைத் தட்ட வேண்டியதில்லை, குனிந்து சேற்றைத் துடைத்து எண்ணைப் பார்க்க வேண்டியதில்லை. கையில் ஒரு கருவியோடு தெருவில் போனால் போதும்; மீட்டர் தன் எண்ணை ரேடியோவில் அனுப்பிவிடும்.

இப்படி மீட்டர் மாறிய எந்த ஊரிலும் வரும் புகார்கள் கிட்டத்தட்ட ஒன்றேதான். "மீட்டர் ஸ்பீடா ஓடுதுங்க" என்பது முதல் இடம். சில நேரம் அது உண்மை. பெரும்பாலும் இல்லை. எந்தப் புகாருக்கும் முதலில் மூன்று விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: தண்ணீரை அளப்பது டயல், அந்த எண்ணைச் சொல்வது ரேடியோ, அதற்குப் பணம் போடுவது பில். இவை மூன்றும் வெவ்வேறு ஆட்கள் மாதிரி. ஒன்று சரியாக இருக்கும்போதே இன்னொன்று தப்பாகப் போகலாம். இந்த மூன்றும் சரியாக இருந்து, மீட்டருக்குப் பிறகு உங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வீணாகிக்கொண்டும் இருக்கலாம். எங்கே தப்பு என்று தெரியாமல் அலுவலகத்துக்குப் போனால், அவர்கள் "வீட்டுக்குள்ள லீக் இருக்கும், பாருங்க" என்பார்கள், நீங்கள் "மீட்டர்தான் தப்பு" என்பீர்கள், இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருக்கலாம்.

முதலில் டயலைப் படிக்கத் தெரிய வேண்டும்

மீட்டர் மூடியைத் திறங்கள். கறுப்பு எண்கள் கிலோ லிட்டர். ஒரு கிலோ லிட்டர் என்பது 1000 லிட்டர், அதுவே ஒரு கன மீட்டர், பில்லில் ஒரு யூனிட் என்பதும் அதுதான். பக்கத்தில் சிவப்பு எண்களோ சின்னச் சின்ன சிவப்பு முட்களோ இருக்கும். அவை ஒரு கிலோ லிட்டருக்கும் கீழே உள்ள கணக்கு. பில் வருவது கறுப்பு எண்ணுக்கு மட்டும்தான். சிவப்பையும் சேர்த்துப் படித்துவிட்டு "ஒரு லட்சம் யூனிட் ஓடியிருக்கு" என்று பதறுகிறவர்கள் உண்டு.

நடுவில் பல் பல்லாக ஒரு சின்ன நட்சத்திரச் சக்கரம் இருக்கும். உள்ளே தண்ணீர் கொஞ்சம் நகர்ந்தாலும் அது சுற்றும். கீழே வரும் பல சோதனைகளுக்கு அதுதான் சாட்சி. உடம்பில் ஓர் அம்புக்குறி இருக்கிறதா என்றும் பாருங்கள். அது தெருப் பக்கமிருந்து வீட்டுப் பக்கம் காட்ட வேண்டும். அப்புறம் மீட்டரின் வரிசை எண். அதைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பில் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வந்திருக்கிறது

எடுத்த எடுப்பில் பிளம்பரைக் கூப்பிட வேண்டாம். பில்லைக் கையில் வைத்துக்கொண்டு மீட்டர் அருகே போங்கள். பில்லில் உள்ள கடைசி ரீடிங், டயலில் இப்போது உள்ள எண்ணைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும். அதிகமாக இருந்தால் தப்பு ரேடியோவிலோ பில்லிலோதான். "டயலில் ஓர் எண், பில்லில் ஓர் எண்" என்ற பகுதிக்கு நேராகப் போய்விடுங்கள்.

எண் பொருந்தினால், அடுத்து பில்லின் தொடக்க ரீடிங்கைப் பாருங்கள். மீட்டர் மாற்றிய மாதத்தில்தான் குளறுபடி அதிகம். பழைய மீட்டரின் கடைசி எண் ஒன்று, புது மீட்டரின் தொடக்க எண் ஒன்று. புது மீட்டர் சுழியத்தில் தொடங்கும் என்று கிடையாது. தொழிற்சாலையில் தண்ணீர் விட்டுச் சோதிப்பதால் கொஞ்சம் லிட்டர் ஏற்கெனவே ஓடியிருக்கும், அது பெரும்பாலும் ஒரு யூனிட்டைத் தாண்டாது. பழைய மீட்டரில் கடைசியாக எடுக்காமல் விட்டுப்போன பல மாத ரீடிங்கும் இந்த பில்லில் ஒன்றாகச் சேர்ந்திருக்கலாம். மீட்டரைக் கழற்றும்போது பழையதன் முகத்தை ஒரு படம் எடுத்து வைத்திருந்தால் இதெல்லாம் ஐந்து நிமிட வேலை. உங்கள் தெருவில் இன்னும் மாற்ற வரவில்லை என்றால் இன்றைக்கே எடுத்து வையுங்கள். எத்தனை நாளைக்கான பில் என்பதையும் பாருங்கள். 60 நாள் பில்லும் 75 நாள் பில்லும் ஒன்றாக இருக்காது.

எண்ணும் சரி, நாளும் சரி என்றால், அந்த அளவு தண்ணீர் உங்கள் வீட்டில் செலவாகியிருக்க முடியுமா என்று ஒரு கணக்குப் போடலாம். நகரத்தில் ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது அரசுப் பொறியாளர்கள் திட்டம் போட வைத்திருக்கும் அளவு. நான்கு பேர் என்றால் 540 லிட்டர்; 30 நாளைக்கு 16 யூனிட்டுக்குச் சற்று மேல். கோவையில் பல வீடுகளில் துணி துவைக்க, கழிவறைக்கு எல்லாம் போர்த் தண்ணீர். நல்ல தண்ணீர் சமையலுக்கும் குடிக்கவும் குளிக்கவும் மட்டும். அப்படிப்பட்ட வீட்டில் மாதம் 30 யூனிட் காட்டினால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

இந்த இடத்தில் எல்லாரும் கேட்கும் கேள்வி: "பழைய மீட்டர்ல இவ்வளவு வரலையே?" நியாயமான கேள்விதான். இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம், இரண்டுமே மீட்டர் ஏமாற்றுவது அல்ல.

முதல் காரணம், பழைய மீட்டருக்குச் சின்ன ஓட்டம் கண்ணுக்குத் தெரியாது. நம் நாட்டுத் தர விதிப்படி அரை அங்குல பி வகுப்பு மீட்டர் மணிக்கு 30 லிட்டருக்குக் கீழே போகும் ஓட்டத்தைச் சரியாக அளந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மணிக்கு 30 லிட்டர் என்றால் நிமிடத்துக்கு அரை லிட்டர், நாளைக்கு 720 லிட்டர். அவ்வளவு தண்ணீர் பழைய மீட்டர் வழியே கணக்கில் வராமலே போயிருக்கலாம். பல வருடம் ஓடித் தேய்ந்துபோன மீட்டர் என்றால் இன்னும் கூடுதலாக. புது மீட்டரின் முகத்தில் 'க்யூ3' 2.5 (மணிக்கு 2.5 கன மீட்டர், அதாவது 2500 லிட்டர்) என்றும் 'ஆர்' 160 என்றும் போட்டிருந்தால், 2500-ஐ 160-ஆல் வகுங்கள்: மணிக்குச் சுமார் 16 லிட்டர் ஓட்டத்தையே அது பிடித்துவிடும். சம்ப் வைத்த வீடுகளில் இது பெரிய விஷயம். தொட்டி நிரம்பும் நேரத்தில் மிதவை வால்வு கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டு வரும். கடைசிக் கட்டத்தில் நூல் போலத்தான் தண்ணீர் விழும். அந்த நூலைத்தான் பழைய மீட்டர் விட்டுவிட்டது.

இரண்டாவது காரணம் இன்னும் பெரியது. 24 மணி நேரத் தண்ணீர் வந்துவிட்ட தெருவில் நாள் முழுக்கக் குழாயில் அழுத்தம் இருக்கிறது. ஒரு வீட்டில் மணிக்கு 30 லிட்டர் ஒழுகும் ஓர் ஓட்டை என்று வையுங்கள். முன்பு ஐந்து நாளைக்கு ஒரு தடவை நான்கு மணி நேரம் தண்ணீர் வந்தால், மாதத்தில் அந்த ஓட்டை ஒழுகியது மொத்தம் 24 மணி நேரம்தான். 720 லிட்டர், ஒரு யூனிட் கூட இல்லை. அதே ஓட்டை இப்போது மாதம் 720 மணி நேரம் ஒழுகும். 21,600 லிட்டர். ஓட்டை பெரிதாகவில்லை, மீட்டர் வேகமாக ஓடவும் இல்லை. நேரம் முப்பது மடங்கு ஆகிவிட்டது. முறை வைத்துத் தண்ணீர் வந்த காலத்தில் யாரும் பொருட்படுத்தாத ஒழுகல்கள் இப்போது பில்லில் வந்து உட்காருவது இப்படித்தான். இதற்கு மருந்து அடுத்த பகுதியில்.

எல்லாக் குழாயையும் மூடியும் நட்சத்திரம் சுற்றுகிறது

இந்தச் சோதனையை எல்லாருமே ஒரு தடவை செய்து பார்த்துவிடுவது நல்லது. ஒரே நிபந்தனை: தெருக் குழாயில் தண்ணீர் இருக்கும் நேரத்தில் செய்ய வேண்டும். முறைத் தண்ணீர் ஊரில் தண்ணீர் வராத நாளில் போய்ப் பார்த்துவிட்டு "ஓடலையே, லீக் இல்லை" என்று சொன்னால் அதற்கு அர்த்தமே இல்லை.

சம்ப்பில் உள்ள மிதவையைக் கையால் மேலே தூக்கிக் கம்பியால் கட்டிவிடுங்கள். நேரடியாக மாநகராட்சிக் குழாயில் இணைத்த சமையலறைக் குழாய், வாசல் குழாய் எல்லாவற்றையும் மூடுங்கள். வாஷிங் மெஷின், சுத்திகரிப்புக் கருவி இணைப்புகளையும் மறக்காதீர்கள். இப்போது பத்து நிமிடம் நட்சத்திரத்தைப் பாருங்கள். அசையாமல் நின்றால், மீட்டரிலிருந்து தொட்டி வரை குழாயில் ஓட்டை இல்லை. லேசாக முன்னும் பின்னும் ஆடினால் பயப்பட வேண்டாம், தெருக் குழாயில் அழுத்தம் ஏறி இறங்குவதால் வரும் ஆட்டம் அது. ஒரே பக்கமாக மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருந்தால் ஓட்டை இருக்கிறது.

மீட்டரை ஒட்டி வீட்டுப் பக்கம் ஒரு கேட் வால்வு இருக்கும். அதை மூடுங்கள். நட்சத்திரம் நின்றால் ஓட்டை அந்த வால்வுக்கு அப்புறம், அதாவது உங்கள் பொறுப்பில். மூடிய பிறகும் சுற்றினால் வால்வே பிடிக்கவில்லை, அல்லது மீட்டருக்கும் வால்வுக்கும் நடுவில் இருக்கும் ஜாயின்ட் ஒழுகுகிறது. பழைய பித்தளை கேட் வால்வுகள் பல முழுசாக மூடுவதில்லை. எனவே கைப்பிடியைக் கால் சுற்றுத் திருப்பினால் மூடும் பால் வால்வாக மாற்றிவிட்டுத் திரும்பச் சோதிப்பது நல்லது.

வால்வுக்கு அப்புறம்தான் ஓட்டை என்று தெரிந்துவிட்டால் மண்ணைத் தோண்டுவதற்கு முன் சந்தேகப்பட வேண்டிய இடம் சம்ப். மிதவையைக் கட்டியபோது நட்சத்திரம் நின்று, அவிழ்த்துவிட்டு தொட்டி நிறைந்த பிறகும் சுற்றிக்கொண்டே இருந்தால் குற்றவாளி மிதவை வால்வுதான். வாஷர் தேய்ந்திருக்கும், அல்லது பந்துக்குள் தண்ணீர் புகுந்து கனத்திருக்கும், அல்லது கம்பி வளைந்திருக்கும். பந்தைக் கழற்றிக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பாருங்கள். சளசளவென்றால் மாற்ற வேண்டியதுதான். வெளியே தண்ணீர் வழியாததால் யாருக்கும் தெரியாமல் போவதற்கு ஒரு காரணம் உண்டு: பல வீடுகளில் சம்ப்பின் வழிந்தோடும் குழாயைக் கட்டும்போதே நேராகச் சாக்கடைக்குள் மண்ணுக்கடியில் விட்டுவிடுகிறார்கள். மாதக்கணக்கில் நல்ல தண்ணீர் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருக்கும், வாசல் காய்ந்தே கிடக்கும். அந்தக் குழாயின் வாயைக் கண்ணில் படும்படி வெளியே கொண்டுவருவது என் கருத்தில் இந்தப் பட்டியலிலேயே மிக லாபமான செலவு.

மிதவையும் சரி என்றால் சம்ப்பின் சுவர். இரவு மோட்டார் போடாமல், உள்ளே வரும் தண்ணீரையும் மூடிவிட்டு, நீர்மட்டத்தில் ஒரு கோடு கிழித்து வையுங்கள். காலையில் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் தொட்டியில் விரிசல். எவ்வளவு இறங்கியது என்பதைத் தொட்டியின் நீள அகலத்தோடு பெருக்கினால் எத்தனை லிட்டர் என்று தெரியும்: ஆறடிக்கு ஐந்தடித் தொட்டியில் ஓர் அங்குலம் என்பது சுமார் 70 லிட்டர்.

மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் ஒழுகல்களை நட்சத்திரம் நேராகக் காட்டாது, ஏனென்றால் அந்தத் தண்ணீர் முன்பே மீட்டரைத் தாண்டி வந்துவிட்டது. அவற்றில் முதல் இடம் ஃபிளஷ் டேங்க்குக்கு. மூடியைத் திறந்து கொஞ்சம் கேசரிப் பவுடரைப் போட்டுவிட்டு, இருபது நிமிடம் யாரையும் ஃபிளஷ் செய்ய விடாமல் காத்திருங்கள். கீழே கோப்பையில் நிறம் தெரிந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் போய்விட்டது. விலை குறைந்த சாமான்தான்.

தண்ணீர் வருவதற்கு முன்பே மீட்டர் ஓடுகிறது

24 மணி நேரத் தண்ணீர் இன்னும் வராத, ஆனால் மீட்டர் மட்டும் முதலில் வந்துவிட்ட தெருக்களில் இந்தப் புகார் கேட்கும். "ஏனுங்க, காத்துதான் வருது, மீட்டர் என்னமோ பம்பரமா சுத்துதுங்க" என்று ஓர் அக்கா சொன்னால் அவர் சொல்வது உண்மைதான். இதை வெறும் மனப்பிரமை என்று அதிகாரிகள் தள்ளிவிடுவது எனக்கு ஒப்பில்லை. முறைத் தண்ணீரில் இரண்டு சப்ளைக்கு நடுவில் தெருக் குழாய் காலியாகி உள்ளே காற்று நிறையும். வால்வைத் திறந்ததும் வரும் தண்ணீர் அந்தக் காற்றைத் தள்ளிக்கொண்டு வரும். சக்கரம் வைத்த மீட்டருக்குக் காற்று, தண்ணீர் என்று வித்தியாசம் தெரியாது, தள்ளினால் சுற்றும்.

எவ்வளவு ஓடுகிறது என்று பார்க்க, தண்ணீர் வரும் நாளில் ஆரம்பத்திலேயே டயலைப் படம் எடுங்கள். குழாயில் சீறல் நின்று தண்ணீர் கட்டியாக விழ ஆரம்பித்ததும் மறுபடி ஒரு படம். வித்தியாசம் சில லிட்டர்தான் என்றால் விட்டுவிடலாம். ஒவ்வொரு முறையும் ஐம்பது, நூறு லிட்டர் என்று வந்தால் அந்தப் படங்களோடு எழுதிக் கொடுங்கள். தெருக் குழாயின் மேட்டுப் பகுதியில் காற்று வால்வு வைப்பதுதான் சரியான தீர்வு, அது மாநகராட்சியின் வேலை. நீங்கள் செய்யக்கூடியது ஒன்று: தண்ணீர் விடும் நேரத்தில் உங்கள் கேட் வால்வை மூடி வைத்து, அடுத்த வீட்டில் சீறல் அடங்கிய பிறகு திறப்பது. எல்லாரும் அதையே செய்தால் காற்று எங்கே போகும் என்பது வேறு கதை.

குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுகிறவர்களுக்கும் இதே தொல்லை இன்னும் அதிகமாக வரும். அது சட்டப்படி தப்பு என்பதோடு, காற்றையும் சேர்த்து உறிஞ்சுவதால் உங்கள் மீட்டர்தான் முதலில் ஓடும், அதிவேகத்தில் உள்ளே இருக்கும் சக்கரமும் கெடும்.

டயலில் ஓர் எண், பில்லில் ஓர் எண்

இது ரேடியோவின் பகுதி. புது வகை மீட்டர்களில் ரேடியோ நேரடியாக டயலின் எண்ணையே படித்து அனுப்பும். அவற்றில் வேறுபாடு வருவது அரிது. இன்னொரு வகையில் டயலின் ஒரு முள்ளில் சின்னக் காந்தம் இருக்கும். அது ஒவ்வொரு சுற்றுக்கும் மேலே இருக்கும் சுவிட்சைத் தொட்டுவிட்டுப் போகும். ஒரு தொடுதலுக்கு ஒரு துடிப்பு. ஒரு துடிப்பு 1 லிட்டராகவோ 10 லிட்டராகவோ 100 லிட்டராகவோ இருக்கலாம். ரேடியோ அந்தத் துடிப்புகளை எண்ணிக்கொண்டே போகும். தொடக்க எண்ணையும், ஒரு துடிப்புக்கு எத்தனை லிட்டர் என்பதையும் பொருத்த வருகிறவர்தான் கருவியில் பதிய வேண்டும். தப்பு நுழையும் வாசல் அதுதான்.

ரீடிங் எடுக்க ஆள் வரும் நாளில் அவர் கருவியில் தெரியும் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, அதே நிமிடம் டயலையும் படம் எடுங்கள். அடுத்த முறையும் அப்படியே. இரண்டு முறையும் வித்தியாசம் ஒரே அளவாக, உதாரணமாக இரண்டு தடவையும் 14 யூனிட் என்று இருந்தால், தொடக்க எண் தப்பாகப் பதிந்திருக்கிறது. ஒரு தடவை திருத்தினால் முடிந்தது, அந்த 14 யூனிட் எந்தப் பில்லில் ஏறியதோ அதில் கழிக்கச் சொல்லலாம். டயல் 12 யூனிட் நகர்ந்திருக்க ரேடியோ 120 என்றோ 1.2 என்றோ காட்டினால் துடிப்பின் லிட்டர் கணக்கு தப்பு. வித்தியாசம் கூடுவதும் குறைவதுமாக ஓர் ஒழுங்கில்லாமல் இருந்தால் சுவிட்ச் சில துடிப்பை விடுகிறது அல்லது இரட்டிப்பாக எண்ணுகிறது; ரேடியோப் பெட்டியை மாற்றத்தான் வேண்டும். இந்த மூன்றில் எதுவானாலும் உங்கள் வாதம் ஒன்றுதான்: அளக்கும் கருவி டயல், டயலின் எண்ணுக்கே பில் போடுங்கள்.

கீழ் வீடு, மேல் வீடு என்று இரண்டு இணைப்புகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இடங்களில் வேறொரு வேடிக்கை நடக்கும். மீட்டர் சரி, ரேடியோ சரி, எண்ணும் சரி. ஆனால் ஒருவர் மீட்டரின் வரிசை எண் மற்றவரின் இணைப்பில் பதிவாகியிருக்கும். வயதான தம்பதி மட்டும் இருக்கும் வீட்டுக்கு ஏழு பேர் குடும்பத்தின் பில் வரும். பில்லில் உள்ள வரிசை எண்ணை மீட்டரின் மேல் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். அது ஒத்துப்போனாலும், உங்கள் வீட்டில் மாநகராட்சிக் குழாயில் நேரடியாக இணைத்த ஒரு குழாயைத் திறந்துவிட்டு எந்த மீட்டரின் நட்சத்திரம் சுற்றுகிறது என்று பார்த்துவிடுங்கள். குழாயே மாறிப் போயிருந்தால் எண்ணை மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

ரீடிங் கிடைக்கவில்லை என்று சராசரிப் பில் வருகிறது

ரேடியோவின் சத்தம், அதாவது சிக்னல், கொஞ்சம்தான். இரும்பு மூடி போட்ட குழிக்குள் மீட்டர் இருந்தால் பாதிச் சத்தம் மூடியிலேயே அடங்கிவிடும். மழைக்குப் பிறகு குழிக்குள் தண்ணீர் நின்று மீட்டர் மூழ்கியிருந்தால் வெளியே பெரும்பாலும் எதுவும் வராது. மூடியின் மேல் வண்டியை நிறுத்தி வைப்பதும் இதே வேலையைச் செய்யும். எனவே இரும்பு மூடிக்குப் பதில் ஃபைபர் மூடி, குழியின் அடியில் தண்ணீர் வடிய ஜல்லி, ரீடிங் நாளில் வண்டியை நகர்த்துவது. பெரும்பாலும் இவ்வளவிலேயே சரியாகிவிடும்.

இதெல்லாம் செய்தும் மீட்டர் வாய் திறக்கவில்லை என்றால் பேட்டரி. உள்ளே இருப்பது சாதாரண செல் அல்ல, மூடி ஒட்டிய லித்தியம் பேட்டரி, பத்து வருடத்துக்கு மேல் வரும்படி வைப்பது. நாமே திறந்து மாற்றுவதற்கில்லை. சீலை உடைத்தால் பழி நம் தலையில்தான் விழும். எழுதிக் கொடுத்துவிட்டு, அதுவரை ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில் டயலைப் படம் எடுத்து வையுங்கள். ரேடியோ செத்தாலும் டயல் ஓடும். சராசரிப் பில்லைத் திருத்த அந்தப் படங்களைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

தண்ணீர் வருகிறது, மீட்டர் ஓடவில்லை

சந்தோஷப்பட வேண்டாம். அடுத்த பில் சராசரியில் வரும், அது நிஜச் செலவைவிட அதிகமாகவும் இருக்கலாம். குழாய் வெட்டியபோது உள்ளே போன மணலோ பி.வி.சி. துருவலோ சக்கரத்தில் சிக்கியிருக்கும். சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். யாராவது "காந்தம் வெச்சா நிக்குமுங்க" என்று யோசனை சொன்னால் கேட்காதீர்கள். புது மீட்டர்களில் பலவும் காந்தம் அருகே வந்ததையும், தண்ணீர் பின்னோக்கி ஓடியதையும், 24 மணி நேரம் நிற்காமல் ஓடியதையும் தனித்தனி எச்சரிக்கையாகக் குறித்து ரீடிங்கோடு சேர்த்து அனுப்பிவிடும். அந்தக் கடைசி எச்சரிக்கை நமக்கே உதவும்: ரீடிங் எடுப்பவரிடம் "லீக் அலாரம் ஏதாவது காட்டுதா?" என்று கேட்டுப் பாருங்கள்.

மீட்டர் மாற்றிய பிறகு தண்ணீர் மெதுவாக வருகிறது

பக்கத்து வீட்டிலும் அப்படியே என்றால் தெருவில்தான் கோளாறு. உங்களுக்கு மட்டும் என்றால், வேலை முடித்துப் போனவர் கேட் வால்வைப் பாதியில் விட்டிருப்பார். முதலில் அதை முழுசாகத் திறங்கள். அதுவும் திறந்தே இருந்தால், மீட்டரின் தெருப் பக்கத்து வாயில் ஒரு சின்ன வடிகட்டி இருக்கிறது, பழைய இரும்புக் குழாயை அசைத்தபோது உதிர்ந்த துரு எல்லாம் அதில் வந்து அடைந்திருக்கும். அதைச் சுத்தம் செய்யச் சீலைப் பிரிக்க வேண்டும் என்பதால் அவர்களையே கூப்பிடுங்கள். ஜாயின்ட்டில் வைத்த ரப்பர் வாஷர் உள்ளே பிதுங்கித் துளையை மறைப்பதும் உண்டு.

மீட்டர் பின்னோக்கி ஓடுகிறது

இதை மட்டும் தள்ளிப்போட வேண்டாம், பில்லுக்காக அல்ல. போர்த் தண்ணீரும் நல்ல தண்ணீரும் ஒரே குழாயில் சேரும்படி இணைத்த வீடுகளில் இது நடக்கும். நடுவில் ஒரு வால்வு இருக்கும், "இதை மூடிட்டு அதைத் திறந்துக்கலாம்" என்ற கணக்கு. ஒரு நாள் இரண்டும் திறந்திருக்கும்போது மோட்டார் போட்டால், அல்லது மேல்நிலைத் தொட்டியிலிருந்து தண்ணீர் இறங்கினால், தெருக் குழாயில் அழுத்தம் இல்லாத நேரத்தில் உங்கள் உப்புத் தண்ணீர் மீட்டர் வழியாகத் தெருவுக்கே போகும். அடுத்த வீட்டுக் குழந்தை குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான்.

மோட்டார் ஓடும்போது ஒருவர் மீட்டர் அருகே நின்று நட்சத்திரத்தைப் பார்க்கட்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால் உடனே மோட்டாரை நிறுத்துங்கள். மீட்டருக்கு அடுத்து ஒரு என்.ஆர்.வி. (தண்ணீரை ஒரே பக்கம் மட்டும் விடும் வால்வு) போடுவது தற்காலிகக் காவல். அதுவும் ஒரு நாள் தூசி அடைத்துப் பிடிக்காமல் போகும். இரண்டு குழாய்களையும் முற்றிலும் பிரித்து, மாநகராட்சித் தண்ணீர் தொட்டிக்குள் மேலிருந்து விழும்படி விடுவதே நிரந்தர வழி. மோட்டார் போடாமலேயே, மீட்டர் பொருத்திய நாளிலிருந்து எப்போதும் பின்னோக்கி ஓடுகிறது என்றால் அம்புக்குறியைப் பாருங்கள், திருப்பி வைத்திருப்பார்கள்.

கண்ணாடி மங்கல், ஜாயின்ட் சொட்டு, கதிர்வீச்சு பயம்

கண்ணாடிக்கு உள்ளே பனி மாதிரி படர்ந்து எண் தெரியாவிட்டால், மூடியைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்துப் பார்த்து, தெளியவில்லை என்றால் மாற்றக் கேளுங்கள். மீட்டரின் தெருப் பக்கம் ஜாயின்ட் சொட்டினால் பில்லில் ஏறாது, ஆனாலும் சொல்லிவிடுங்கள். வீட்டுப் பக்கம் சொட்டினால் ஏறும். ரேடியோவால் உடம்புக்கு ஏதாவது ஆகுமா என்று கேட்பவர்களுக்கு: சில நொடிக்கு ஒரு முறை கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவாக, சில பத்து மில்லிவாட் அளவில் அது பேசுகிறது. காதில் வைத்துப் பேசும் கைப்பேசி இதைவிடப் பல மடங்கு.

எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் மீட்டர் மேல்தான் சந்தேகம்

அப்படியானால் மீட்டரையே சோதிக்கலாம். 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றை எடுத்து, மீட்டருக்கு அடுத்த முதல் குழாயில் ஐந்து தடவை நிரப்புங்கள். வேறு எந்தக் குழாயும் திறக்கக்கூடாது, மிதவையையும் கட்டிவிடுங்கள். முன்னும் பின்னும் சிவப்பு எண்கள் வரை குறித்துக்கொள்ளுங்கள். குழாயை முழுசாகத் திறந்து ஒரு தடவை, பாதி திறந்து இன்னொரு தடவை செய்தால் நல்லது. சாதாரண ஓட்டத்தில் புது மீட்டருக்கு நூற்றுக்கு 2 வரை கூடலாம் குறையலாம், மிகச் சின்ன ஓட்டத்தில் 5 வரை. கேனின் கழுத்து வரை நிரப்புவதில் நம் கைக்கும் கொஞ்சம் தவறு உண்டு என்பதால், 100 லிட்டருக்கு 95-இலிருந்து 105-க்குள் காட்டினால் மீட்டரைக் குறை சொல்ல முடியாது. 110, 115 என்று இரண்டு முறையும் வந்தால் சோதனைக் கூடத்தில் சோதித்துத் தரும்படி எழுத்தில் கேளுங்கள். கழற்றும்போது மாற்று மீட்டரின் வரிசை எண், தொடக்க எண், கழற்றியதன் கடைசி எண் மூன்றையும் ஒரே தாளில் எழுதி, வந்தவரின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு ஒரு நகலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். எழுதிக் கொடுக்கும் மனுவில் "மீட்டர் வேகமாக ஓடுகிறது" என்று மட்டும் போடாமல், நட்சத்திரச் சோதனையின் முடிவு, கேன் கணக்கு, தேதியோடு எடுத்த படங்கள் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுத்தால், வார்டு அலுவலகத்தில் அதைப் படிக்கும் பொறியாளருக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அவராகவே தெரிந்துவிடும்.